உப்பு போட்ட ஐஸ்

பணி ஓய்வு பெற்ற கிராம சுகாதார செவிலியர் என்ற முறையில், புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் பெண்களுக்கு நாலு நல்ல வார்த்தை எழுதித் தரச் சொன்னார்கள். நல்ல வார்த்தையெல்லாம் என் வழியனுப்பு விழாவிலேயே மைக் பிடித்தவர்கள் பேசித் தீர்த்துவிட்டார்கள். புயலில் படகேறிப் போனேன், வெள்ளத்தில் கர்ப்பிணியைத் தூக்கி வந்தேன் என்று ஒருவர் அடுக்கியதில் பாதி எனக்கே புதுச் செய்தி. அன்று மேடையில் யாரும் சொல்லாத ஒன்றை இங்கே எழுதுகிறேன். படித்துவிட்டு என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள். தடுப்பூசிப் பெட்டி உங்கள் தோளில் தொங்கும்போது மட்டும் இது நினைவில் இருந்தால் போதும்.

என் வேலையின் கடைசிப் பத்து வருடம் பழவேற்காடு ஏரிக்கரையில் கழிந்தது. பிறந்த ஊர் காட்டூர், வாழ்க்கைப்பட்டது மீஞ்சூர். இரண்டும் பக்கம்தான். ஆனாலும் ஏரிக்குள் இருக்கும் திட்டுகளில் ஜனங்கள் எப்படிப் பிழைக்கிறார்கள் என்பதை இந்த வேலைக்கு வந்த பிறகுதான் பார்த்தேன். தோணிரேவு கிராமத்தைத் தாண்டிப் படகில் போனால் ஒரு திட்டில் முப்பது இருளர் குடும்பங்கள். அந்த ஊரின் பெயரை எழுதமாட்டேன். எழுதினால் ஊர் முழுக்க நோய் என்று பேச ஆரம்பித்துவிடுவார்கள். அப்படிப் பேசுவதால் என்ன நடக்கும் என்பதைப் போகப் போகச் சொல்கிறேன்.

அந்தப் பெண்கள் வலையில்லாமல் வெறுங்கையால் இறால், அவர்கள் பேச்சில் எறா, பிடிப்பவர்கள். இடுப்பளவுத் தண்ணீரில் குந்தியபடியே நகர்ந்து, சேற்றைத் துழாவி, கையில் அகப்பட்டதைக் கழுத்தில் தொங்கும் பனையோலைப் பறிக்குள் போட்டுக்கொள்வார்கள். கிளிஞ்சல் கிழிக்காத விரல் அங்கே ஒருத்திக்கும் கிடையாது. புண் ஆறுவதற்குள் மறுபடி தண்ணீரில் இறங்கியாக வேண்டும். வாரத்துக்கு ஒருநாள் நான் மருந்தும் பஞ்சுமாகப் போய் உட்கார்ந்தால், விரல்களை வரிசையாக நீட்டுவார்கள்.

ஹெபடைடிஸ் பி என்பது ரத்தத்தில் குடியிருக்கும் கிருமி. பிரசவத்தின்போது தாயிடமிருந்து பிள்ளைக்கு வரும். மூடாத புண் வழியாகவும், ஒருவருக்குப் போட்ட பிளேடையே இன்னொருவருக்கும் போடுவதாலும் வரும். ஒரே தட்டில் சாப்பிட்டால் வராது, தொட்டால் வராது. பெரியவர்களுக்கு வந்தால் பெரும்பாலும் தானாகப் போய்விடும். கைக்குழந்தைக்கு வந்தால் பெரும்பாலும் போகாது. காய்ச்சல் இருக்காது, கண் மஞ்சளாகாது. பிள்ளை ஓடும், ஆடும், பள்ளிக்கூடம் போகும். வாலிப வயதில் ஒருநாள் வயிறு வீங்கும்போது ஈரல் போயிருக்கும். எனக்குப் பாம்பிடம் பயமில்லை, புயலிடம் பயமில்லை. சத்தமே போடாத இந்தக் கிருமியிடம் பயம் உண்டு.

பிறந்த இருபத்துநாலு மணி நேரத்துக்குள் பிள்ளைக்கு ஒரு தடுப்பூசி. தாய்க்குக் கிருமி இருப்பது தெரிந்தால், அதோடு இம்யூனோகுளோபுலின் என்ற இன்னொரு ஊசியும். எவ்வளவு சீக்கிரம் போடுகிறோமோ அவ்வளவு நல்லது. இதெல்லாம் உங்களுக்குப் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. எனக்கும் இருந்தது.

அந்தத் திட்டில் தேசம்மா என்ற பெண்ணுக்கு முதல் பிரசவம். எங்களிடம் தாமதமாகத்தான் வந்தாள். எட்டாம் மாதத்தில் எடுத்த ரத்தத்தில் கிருமி இருப்பது தெரிந்து, நான்தான் அவளை நகரத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். அது எது என்பது வேண்டாம். அங்கே வார்டில் ஒருத்தி சீட்டைப் படித்துவிட்டு, அத்தனை பேர் காதிலும் விழும்படி, “காமாலை கேஸ் யாரு, தனியா வா” என்றிருக்கிறாள். கட்டிலைக் கக்கூஸ் பக்கம் தள்ளிப் போட்டிருக்கிறார்கள். பக்கத்துக் கட்டில்காரி தன் டம்ளரை எடுத்துத் துணிக்குள் மறைத்துக்கொண்டாளாம். அன்று சாயங்காலமே தேசம்மா யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறித் திட்டுக்குத் திரும்பிவிட்டாள். அதற்குப் பிறகு மூன்று தடவை தேடிப் போனேன். மூன்று தடவையும் அவள் எறாவுக்குப் போயிருப்பதாகச் சொன்னார்கள். நிறைமாதக்காரி எறாவுக்கு எங்கே போவாள்? வீட்டுக்குள்தான் இருந்தாள்.

வைகாசி மாதம், ஒரு புதன்கிழமை. கரையோரக் குப்பம் ஒன்றில் தடுப்பூசி போட்டுக்கொண்டிருந்தேன். பகல் பன்னிரண்டு மணி வாக்கில் அவள் புருஷன் செஞ்சய்யா போன் செய்தான். காலை பத்து மணிக்குப் பெண் குழந்தை பிறந்துவிட்டதாம், வீட்டிலேயே. நாத்தனார் பார்த்துக்கொண்டாளாம். அவன் பேச்சே குறைவு. அன்று அவன் கேட்டது ஒன்றுதான்: “நர்சம்மா, புள்ளைக்கு அது வந்துருமா?”

இதோ வருகிறேன், படகைக் கரைக்குக் கொண்டுவா என்றேன்.

பெட்டியைத் திறந்து பார்த்தபோது ஐஸ் பேக்குகள் நீராகிக்கொண்டிருந்தன. காலையிலிருந்து இருபது தடவை திறந்து மூடியிருக்கிறேன், வெயிலோ மண்டையைப் பிளந்தது. உள்ளே ஹெபடைடிஸ் பி குப்பி இருந்தது. படகு, நடை, அப்புறம் தேசம்மாவிடம் வாதம். அதற்குள் மருந்து சூட்டில் கெட்டுப்போனால்? சுகாதார நிலையத்துக்குப் போய்ப் புது ஐஸ் பேக் எடுத்து வர ஒன்றரை மணி நேரம் ஆகும். எனக்குப் பொறுமையில்லை.

படகுத்துறையில் காசிம் பாயின் எறா ஏலக் கூடம் இருக்கிறது. பழவேற்காட்டில் ஐஸுக்கா பஞ்சம்? அவர் பெட்டியில் பொடித்த ஐஸ் மலை மாதிரி குவிந்து கிடந்தது. நான் கேட்பதற்கு முன்பே அள்ளிக் கொடுத்துவிடுவார், அவ்வளவு நல்ல மனுஷர். அதற்கு முன்பும் இரண்டு தடவை, வெயில் காலத்தில், அவரிடம் வாங்கிப் போட்டிருக்கிறேன். குப்பியைப் பிளாஸ்டிக் உறையில் சுற்றி, சுற்றிலும் அந்த ஐஸை நிரப்பி மூடினேன். நிம்மதியாக இருந்தது.

அன்று ஏரியில் தண்ணீர் வற்றியிருந்தது. பாதி தூரத்தில் படகு சேற்றில் தட்டி நின்றுவிட்டது. செஞ்சய்யா இறங்கித் தள்ளிப் பார்த்தான், கழி ஊன்றிப் பார்த்தான். கடைசியில் நானும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினேன். திட்டில் கால் வைத்தபோது மணி நாலு.

தேசம்மா குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். ஒரு மணி நேரம் பேசினேன். ஆஸ்பத்திரி என்ற சொல் வந்தாலே அவள் உடம்பு இறுகியது. எனக்குள் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. அந்த அவசரத்தில், சொல்லவே கூடாத ஒன்றைச் சொன்னேன். “இந்த ஒரு ஊசி போட்டுக்கோ. போதும். ஆஸ்பத்திரிக்கே வர வேணாம்.” போதாது என்று எனக்குத் தெரியும். இன்னொரு ஊசியைப் பற்றி நாளைக்குப் பேசிக்கொள்ளலாம், முதலில் இது உள்ளே போகட்டும் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். அவள் மெல்லத் திரும்பிக் குழந்தையின் காலை நீட்டினாள்.

குப்பியை எடுத்தேன். விரல் ஒட்டிக்கொள்கிற அளவுக்குச் சில்லிட்டிருந்தது. மேலே வெள்ளையாகப் பனி படிந்திருந்தது. பச்சைக் குழந்தைக்கு இவ்வளவு குளிர்ச்சியாகவா போடுவது என்று அதை உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டேன். கையைத் திறந்தபோது மருந்தில் சிறுசிறு துகளாக ஏதோ மிதந்தது. குலுக்கினேன். கலங்கியது. ஊசியில் எடுத்துப் போட்டேன்.

எனக்கு ஒன்றும் தெரியாது என்று எழுதினால் அது பொய். அந்தத் துகளைப் பார்த்தேன். பார்த்த அந்த நொடியில் மனசுக்குள் ஏதோ முணுமுணுத்தது. அதைக் கேட்கக்கூடாது என்று நான் முடிவு செய்தேன். கேட்டால் திரும்பிப் போக வேண்டும், மறுபடி படகு, மறுபடி சேறு, மறுபடி தேசம்மாவின் முதுகு. பிள்ளைகளா, நம் வேலையில் தப்பு நடக்கிற இடம் பெரும்பாலும் இதுதான். தெரியாமல் செய்வது கொஞ்சம். தெரிந்ததைத் தெரியாததாக்கிக்கொண்டு செய்வதுதான் அதிகம்.

கரைக்குத் திரும்ப இருட்டிவிட்டதால் அன்று ராத்திரி குப்பத்திலேயே தங்கி, மறுநாள் காலை ஏழு மணிக்குப் பஸ்ஸுக்காகத் துறைப்பக்கம் வந்தேன். செஞ்சய்யா எறாவை எடை போட்டுக் கொடுத்துவிட்டுப் படகைக் கழுவிக்கொண்டிருந்தான். காசிம் பாய் என்னைப் பார்த்ததும் கூப்பிட்டார்.

“இன்னா நர்சம்மா, நேத்து ஐஸு தாங்குச்சா?”

“தாங்குச்சு பாய்” என்றேன்.

“தாங்கும் தாங்கும். உப்பு போட்டு கலக்கினதாச்சே. வெறும் ஐஸு போட்டா மெட்ராஸ் போறதுக்குள்ள எறா கொழகொழனு பூடும். உப்பு போட்டா கல்லு மாரி நிக்கும்.”

அவர் பெருமையாகத்தான் சொன்னார்.

உப்பு போட்ட ஐஸ் சாதாரண ஐஸைவிடப் பல மடங்கு குளிரும். அதில் வைத்தது எதுவும் உறைந்துவிடும். ஹெபடைடிஸ் பி மருந்து சூட்டைக் கொஞ்சநேரம் தாங்கும், உறைந்தால் செத்துப்போகும். பயிற்சியில் இதை எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள், கேள்வி கேட்டார்கள், நான் சரியாகப் பதில் சொல்லிக் கைத்தட்டல்கூட வாங்கியிருக்கிறேன். ஐஸ் பேக்குகள் உருகிப்போன பெட்டியிலேயே அதை எடுத்துப் போயிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. சூட்டுக்குப் பயந்து நானே அதைக் கொன்றுவிட்டேன்.

கூடத்தின் பின்புறம், ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே போய் நின்றுகொண்டேன். குழந்தைக்கு இருபத்துநாலு மணி நேரம் முடிய இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. யாருக்கும் தெரியாது என்பதும் தெரிந்தது. பதிவேட்டில் எழுதியாகிவிட்டது. குழந்தைக்குக் கிருமி வந்தாலும், தாயிடமிருந்து வந்தது என்றுதான் எல்லோரும் சொல்வார்கள், வீட்டில் பெற்றாளே என்று அவளைத்தான் திட்டுவார்கள். இந்த யோசனை எனக்கு வந்தது. வரவில்லை என்று சொல்லி நல்ல பெயர் வாங்க எனக்கு ஆசையில்லை.

டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். எங்கள் சுகாதார நிலையத்துக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகாத சின்ன வயதுப் பெண். நடந்ததைச் சொன்னேன். மீதி மருந்து இருக்கிறதா என்றார். இருக்கிறது என்றேன். உறைந்ததா என்று குலுக்கி வைத்துப் பார்த்துவிடலாமே என்றார். பார்த்து முடிக்கிற வரைக்கும் நேரம் நிற்காது, அது செத்தது என்றே வைத்துக்கொள்வோம் என்றேன். அவர் வாதாடவில்லை. புதுக் குப்பியோடு தானே ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

வந்து இறங்கியதும் முதலில் என் பயத்தைத் தீர்த்தார். உறைந்த மருந்தால் குழந்தைக்குக் கெடுதல் இல்லை, பலன்தான் இல்லை. மறுபடி போடலாம். இம்யூனோகுளோபுலினை மட்டும் திட்டுக்குக் கொடுத்தனுப்ப மாட்டார்கள், குழந்தை அந்த ஆஸ்பத்திரிக்கே வந்தாக வேண்டும். கூட வரட்டுமா என்று கேட்டார். வேண்டாம், புது முகத்தைப் பார்த்தால் அவள் கதவைச் சாத்திவிடுவாள் என்றேன். படகில் ஏறப்போனபோது டாக்டரம்மா என் கையைப் பிடித்தார்.

“சிஸ்டர், ரெண்டாவது டோஸ்னு சொல்லிடுங்களேன். இப்ப ஊசி உள்ள போறதுதான் முக்கியம்.”

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எனக்கும் அது சரியென்றே பட்டது. படகு நகர்ந்ததும், “இன்னாத்துக்கு மறுபடி வர்ற?” என்று செஞ்சய்யா கேட்டான். ஒரு வேலை பாக்கி என்றேன். அதற்கு மேல் அவன் கேட்கவில்லை. வழி முழுக்க அந்தப் பொய்யை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். இது ரெண்டாவது டோஸ், தேசம்மா. நேத்து சொல்ல மறந்துட்டேன், தேசம்மா. நல்லவேளையாக அன்று தண்ணீர் கொஞ்சம் ஏறியிருந்தது, படகு தட்டவில்லை.

தேசம்மா குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். என் தோளில் பெட்டியைப் பார்த்ததும் அவள் கண் சிறுத்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அவளே கேட்டாள்.

“ஒண்ணு போதும்னு சொன்னியே நேத்து.”

மணி எட்டே முக்கால். பொய் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. ஆனால் இந்தப் பொய்யைச் சொன்னால், ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட இன்னொரு பொய் வேண்டும். நேற்றே ஒன்று சொல்லியாகிவிட்டது. அங்கே யாராவது ஒருத்தி இவள் காதுபட உண்மையைச் சொல்லிவிட்டால், இவள் மட்டுமா, இந்தத் திட்டில் ஒரு தாயும் இனிமேல் என்னிடம் பிள்ளையைக் காட்டமாட்டாள். உண்மையைச் சொன்னாலும் அதே கதி ஆகலாம். எந்தப் பக்கம் விழுந்தாலும் அடிதான் என்று தெரிந்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டேதான் சொன்னேன்.

“நேத்து நான் போட்டது செத்த மருந்து, தேசம்மா. கெட்டுப் போற மாதிரி ஐஸ் போட்டு எடுத்தாந்தது நான். ஒரு ஊசி போதும்னு சொன்னதும் பொய். இப்ப ஒண்ணு போடணும். இன்னொண்ணு ஆஸ்பத்திரில போடணும். பத்து மணிக்குள்ள இத போட்டாத்தான் நல்லது.”

வாசலில் நின்ற செஞ்சய்யா உள்ளே வந்தான். அவன் கையில் படகுக் கழி இருந்தது. அடிப்பானோ என்று ஒரு நொடி பயந்தேன். அவன் கழியைச் சுவரில் சாய்த்துவிட்டு, குழந்தை பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான்.

தேசம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இத்த நீயா சொல்றியா? இல்ல யாராச்சும் கண்டுபுடிச்சி உன்ன அனுப்பினாங்களா?”

“நானாத்தான்.”

“சொல்லலன்னா எங்களுக்குத் தெரிஞ்சிருக்குமா?”

“தெரிஞ்சிருக்காது.”

அவள் குழந்தையை மார்பிலிருந்து எடுத்தாள். பிறகு அவள் சொன்னது இன்றைக்கும் அப்படியே நினைவிருக்கிறது.

“ஆஸ்பத்திரில என் குத்தத்த நாலு பேர் முன்னால சொன்னாங்க. அது குத்தமே இல்ல. நீ உன் குத்தத்த சொல்ற.” குழந்தையை மடியில் கிடத்தினாள். “போடு. ஆனா ஆஸ்பத்திரிக்கு வந்தா நீ என்ன வுட்டுப் போவக்கூடாது. எங்க தள்ளிப் போட்டாலும் பக்கத்துல நீ குந்திகினு இருக்கணும்.”

முந்தின நாள் போட்டது இடது தொடை. அன்று வலது தொடையில் போட்டேன். மணி ஒன்பது பத்து. குழந்தை வீறிட்டு அழுதது. அந்த அழுகை எனக்கு எவ்வளவு இனிப்பாக இருந்தது என்பதை வெளியே சொல்ல முடியாது.

ஆஸ்பத்திரிக்குப் போனோம். அந்த இம்யூனோகுளோபுலின் ஊசி மதியம் போடப்பட்டது. மறுபடி கடைசிக் கட்டில்தான் கொடுத்தார்கள். அந்தக் கட்டிலில் அவளோடு நானும் உட்கார்ந்து, அவள் தட்டிலேயே சோறு தின்றேன். வார்டில் இருந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள், பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன். டாக்டரம்மா போன் செய்து, காலையில் துறையில் நான் அவரிடம் கொடுத்துவிட்டு வந்த குப்பியைக் குலுக்கி வைத்ததாகவும், மருந்து அடியில் படிந்து மேலே தெளிந்த தண்ணீர் நிற்பதாகவும் சொன்னார். செத்ததுதான். அடுத்து அவர் கேட்ட கேள்விக்காகத்தான் காலையிலிருந்து பயந்துகொண்டிருந்தேன்.

“இதுக்கு முன்னாடி அந்த ஐஸ் போட்டிருக்கீங்களா?”

இல்லை என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். இரண்டு தடவை என்றேன். இரண்டுமே அதே திட்டுக்குத்தான். பதிவேட்டை எடுத்துப் பார்த்ததில் பதினோரு குழந்தைகள். எல்லோரும் ஓடியாடி விளையாடுகிற வயதுக்கு வந்துவிட்டார்கள். எல்லோருக்கும் ரத்தம் பார்க்க வேண்டும், மறுபடி ஊசி போட வேண்டும். எனக்கு மெமோ வந்தது, விளக்கம் கேட்டார்கள், எழுதிக் கொடுத்தேன். அதில் எனக்கு வருத்தமில்லை. பதினோரு வீட்டு வாசலில் போய் நிற்பதை நினைத்தால்தான் சோறு இறங்கவில்லை.

அந்த வாசல்களுக்கு என்னோடு தேசம்மா வந்தாள். கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தாள். நான் என் தப்பைச் சொல்லி முடித்ததும், “என் புள்ளைக்கும் இந்தம்மாதான் கெட்ட மருந்து போட்டாங்க, இவங்களேதான் வந்து சொன்னாங்க, புள்ளைய கூட்டினு வாங்க” என்று அவள் சொல்வாள். திட்டு வாங்கினேன். ஒரு வீட்டில் மண்ணை வாரித் தூற்றினார்கள். ஆனால் குறித்த நாளில் பதினோரு பிள்ளைகளும் வந்தார்கள்.

பத்துப் பேருக்கு ஒன்றுமில்லை. பச்சையம்மாவின் மகள் மல்லிகாவுக்குக் கிருமி இருந்தது. நாலு வயது. பச்சையம்மாவின் ரத்தத்தைப் பார்த்தோம், அவளுக்கு இல்லை. அப்படியென்றால் பிறந்தபோது வந்ததில்லை. பிறகு ஏதோ ஒரு புண் வழியாகவோ பிளேடு வழியாகவோ வந்திருக்கிறது. பதிவேட்டில் அவளுக்கு அந்த ஐஸில் வந்த ஊசிகள் மட்டும்தான். கெட்டுப்போகாத மருந்து உடம்பில் போயிருந்தால் அநேகமாகத் தடுத்திருக்கும். டாக்டரம்மா கதவைச் சாத்திக்கொண்டு இதை என்னிடம் மெதுவாகத்தான் சொன்னார். மெதுவாகச் சொன்னதால் ஒன்றும் குறையவில்லை.

தேசம்மாவின் குழந்தைக்கு உடனே பார்த்துப் பயனில்லை. மீதி ஊசிகளையும் முடித்துவிட்டு ஒன்பது மாதத்துக்கு மேல்தான் பார்க்க வேண்டும். அந்த ஒன்பது மாதமும் நான் எப்படி இருந்தேன் என்று கேட்காதீர்கள். குழந்தைக்குச் சளி பிடித்தால் எனக்குத் தூக்கம் போகும். வெயிலில் அதன் கண்ணைப் பார்த்தால் மஞ்சளாகத் தெரியும், நிழலுக்குத் தூக்கிப் போய் மறுபடி பார்ப்பேன். இந்த நோயில் அப்படியெல்லாம் தெரியாது என்று எனக்கே தெரியும். இருந்தும் பார்ப்பேன். என் அவசரத்தைப் பார்த்துத் தேசம்மா சிரிப்பாள். அவள் பயந்தாளா என்று எனக்குத் தெரியாது, என்னிடம் காட்டிக்கொள்ளவில்லை.

குழந்தைக்குப் பத்தாவது மாதம் நடந்தபோது ரத்தம் எடுத்தோம். முடிவு வந்த நாளில் சுகாதார நிலையத்து பெஞ்சில் தேசம்மா உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் செஞ்சய்யா. கவரை நான் கையில் வைத்துக்கொண்டே நின்றேன். பிரிக்க முடியவில்லை. ஐம்பது வயதைத் தாண்டியவள், எத்தனையோ பேருடைய முடிவைக் கூசாமல் வாசித்தவள், ஒரு காகிதத்தைப் பிரிக்கத் தைரியமில்லாமல் நின்றேன்.

“படி” என்றாள் தேசம்மா.

பிரித்துப் படித்தேன். கிருமி இல்லை. தடுப்புச் சக்தி நன்றாக வந்திருக்கிறது. அதைச் சொன்னதும் செஞ்சய்யா எழுந்து வெளியே போய், சுவரைப் பார்த்து நின்றுகொண்டான். தேசம்மா குழந்தையின் இரண்டு தொடையையும் மாறி மாறி முத்தமிட்டாள். எனக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. சந்தோஷத்தில் வாய்விட்டுச் சிரிப்பு வந்துவிட்டது.

அப்போது அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்கள். பச்சையம்மா எழுந்தாள். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை மல்லிகாவின் ஈரலுக்குப் பார்க்கிற ரத்தப் பரிசோதனை, அதுவும் அதே நாளில் விழுந்திருந்தது. அவர்கள் எதிர் பெஞ்சில்தான் அவ்வளவு நேரமும் உட்கார்ந்திருக்கிறார்கள், நான் கவனிக்கவில்லை. என் சிரிப்பை அவள் பார்த்தாள்.

மகளை ரத்தம் எடுக்கும் நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு என்னிடம் கேட்டாள். “எம்பொண்ணுக்கும் ரெண்டாவது வாட்டி வந்து போட்டிருந்தா, இவளுக்கும் இல்லாம பூட்டிருக்குமா?”

டாக்டரம்மா என்னைப் பார்த்தார், பதில் சொல்ல வேண்டாம் என்பதுபோல.

“இல்லாம போயிருக்கும்னுதான் நெனைக்கிறேன், பச்சையம்மா” என்றேன்.

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். மல்லிகா சட்டைக் கையை முழங்கைக்கு மேலே ஏற்றிவிட்டுக்கொண்டு, ஊசிக்குப் பயமில்லை என்று காட்டக் கையை நேராக என் பக்கம் நீட்டினாள். நான் அவள் கையில் ரப்பர் பட்டையைக் கட்டி, நரம்பு தேடினேன்.